மூன்று மணிக் கோளாறு

கடையிலிருந்து,
திங்கட்கிழமை காலை.

அன்பு மருமகளுக்கு உன் தாய்மாமன் ஆசியோடு எழுதுவது.

இங்கே மனிதர்கள் எல்லாரும் சௌக்கியம். கட்டில் ஒன்றுக்குத்தான் உடம்பு சரியில்லை. அங்கே நீயும், நீ சோதித்து அனுப்புகிற லிஃப்டுகளும் ஏறி இறங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் எழுதினால் என்ன என்று கேட்பாய். என் விரல் தடிமனுக்கு ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழுகிறது. அது தவிர, பேனா பிடித்தால்தான் எனக்கு விஷயம் ஒழுங்காக வரும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவர் என்று உன் அத்தை சொல்லிக் காட்டுவாள். மீதிப் பாதியையும் படித்திருந்தால் மூளை தேய்ந்து போயிருக்கும். அப்புறம் இந்த வட்டாரத்தில் மோட்டாருக்குக் காயில் சுற்ற யார் இருக்கிறார்கள்?

நீ எழுதியதைப் படித்தேன். கம்பெனியில் நிரந்தரம் ஆக்குகிறார்கள், இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம், போடாமல் கிளம்பி வந்துவிடட்டுமா மாமா என்று கேட்டிருக்கிறாய். அதை அப்படியே உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இடது கையால் தலையணையில் ஓங்கி ஒரு குத்து. வரக் கூடாது, வந்தா அவகூடப் பேசமாட்டேன்னு எழுதுடா என்றாள். இப்பவும்தான் பேசறதில்லையே அக்கா என்றேன். இரண்டாவது குத்து என் தோளில். நாலு மாதத்துக்கு முன்னால் வலது கையும் காலும் விழுந்தபோது அந்த பலமெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். இடது கைக்குத்தான் போயிருக்கிறது.

நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் தூங்குவதாக அத்தை சொல்கிறாளே, அது தூக்கமில்லை. போன் அடித்ததும் கண்ணை மூடிக்கொள்கிறாள். சொல் குழறி வருவது உன் காதில் விழக் கூடாதாம்.

உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. காலை ஒன்பதுக்கு அத்தை பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனால் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருகிறாள், மறுபடி இரண்டுக்குப் போய் ஆறுக்கு வருகிறாள். நான் நாலு தெரு தள்ளிக் கடையில். தலையணைப் பக்கத்தில் போன் இருக்கிறது, ஒரே பொத்தான், அமுக்கினால் எனக்கு வரும். இந்த நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. தண்ணீர் குடித்தால் எழுந்திருக்க வேண்டி வரும், எழுந்திருக்க ஆளைக் கூப்பிட வேண்டி வரும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. உதடு வெடித்த பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது.

பயிற்சி கொடுக்க வருகிற அம்மா ஒரு வார்த்தை சொன்னார். இவங்களுக்கு இடது பக்கம் நல்லாவே இருக்கு, உட்கார்ந்துட்டா போதும், மெதுவா பக்கத்து நாற்காலிக்கு மாறிக்குவாங்க, படுத்த இடத்திலேருந்து எழுந்து உட்கார்றதுதான் முடியலை என்றார். அவ்வளவுதானே என்றேன். அவருக்கு நான் யாரென்று தெரியாது பாவம்.

மோட்டாரை ஓட்டி நிறுத்த நீ அனுப்பிய போர்டும் வயர் படமும் வந்த அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டேன். கட்டிலின் மேல் பாதியைத் தனியாக அறுத்துக் கீல் போட்டாயிற்று. அடியில் ஒரு வைப்பர் மோட்டார். சாதாரண வைப்பர் இல்லை, மழையிலேயே ஓடி மழையிலேயே ஓய்வு பெற்ற லாரியினுடையது. அது ஒரு நீள மரைக்கம்பியைச் சுற்றும், கம்பி முதுகுப் பலகையைத் தூக்கும். அப்புறம் இரண்டு திருகு, பழைய ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற சாமான். அக்கா கையில் இருக்கும் திருகு, எங்கே போகணும் என்று சொல்லும். கட்டில் கீலில் இருக்கும் திருகு, இப்போ எங்கே இருக்கேன் என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகும் வரை போர்டு மோட்டாரை ஓட்டும், ஒத்துப்போனதும் நிறுத்தும். நீங்கள் இதற்கு சர்வோ என்று பெயர் வைத்துப் பெரிய சம்பளம் வாங்குகிறீர்கள். இதையே நான் கல்யாணம் ஆன நாளாகச் செய்துகொண்டிருக்கிறேன். அத்தை சொல்லும் இடத்துக்கும் நான் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கிற வரை ஓடவேண்டியதுதான்.

நேற்று வெள்ளோட்டம். அக்காவைச் சக்கர நாற்காலியில் சுவரோரம் உட்காரவைத்து, முதலில் மூன்று சிமெண்ட் மூட்டை வைத்துப் பார்க்கலாம் என்று இருந்தேன். (பள்ளிக்கூடம் போகிற வழியில் கடைக்கு வந்த அத்தை இதைப் படித்துவிட்டு ஒரு மூட்டை, அதுவும் பாதி என்கிறாள்.) மூட்டைக்கு அனுபவத்தைச் சொல்லத் தெரியாது என்பதால் நானே ஏறிப் படுத்தேன். திருகைக் கால்வாசி திருப்பினேன். கட்டில் கால்வாசி எழுந்தது. அரைவாசி எழுந்தது. முக்கால் எழுந்தது. நான் திருகைப் பின்னால் திருப்புகிறேன், அது கேட்கவே இல்லை. முதுகைப் பிடித்துத் தள்ளி என் நெற்றியை முழங்காலோடு சேர்த்துவிட்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. பாட்டரி இணைப்போ கதவுப் பக்கம். இரண்டு முனையிலும் தானாக நிறுத்துகிற சுவிட்ச் போடுங்க மாமா என்று நீ சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தாய். வண்டி ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் பிரேக் என்று நான் விட்டிருந்தேன்.

உன் அம்மா இடது காலால் தரையை உந்தி உந்தி நாற்காலியைக் கதவுவரை நகர்த்தி, வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. மோட்டார் நின்றது. அறை அமைதியானது. அந்த அமைதியில் ஒரு சத்தம். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். குனிந்த தலையை நிமிர்த்தவும் முடியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, சிரிக்கிறாள். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது, ஆனால் முழுச் சிரிப்பு. நாலு மாதத்தில் முதல் தடவை. அத்தை வந்து என்னை விடுவிக்கும் வரை நிறுத்தவே இல்லை.

கோளாறை ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. அத்தை தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். முதலில் கைத்திருகின் இரண்டு கடைசி வயரை இடம் மாற்றினேன். இப்போது அதே மாதிரி கீழ்நோக்கி ஓடியது. அதன் பிறகுதான் உறைத்தது, மாற்ற வேண்டியது கீல் திருகின் வயரை. கட்டில் மேலே போகப் போக, இன்னும் கீழேதான் இருக்கேன் என்று அது தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பாவம் போர்டு நம்பி ஓட்டியிருக்கிறது. உன் படத்தில் நிறம் போட்டுத் தெளிவாகத்தான் இருக்கிறது. என் கடையில் சிவப்பு எப்போதும் இடது பக்கம். அது என் சட்டம். உன் படத்துக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை.

வயரை மாற்றிவிட்டேன். இரண்டு முனையிலும் நிறுத்து சுவிட்சும் போட்டுவிட்டேன். பத்து நாளில் உன் அம்மா தானே எழுந்து உட்காருவாள். அதுவரை வேலையை விடுவது பற்றிப் பேச்செடுக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
உன் மாமன்.

* * *

வீட்டிலிருந்து,
வெள்ளிக்கிழமை.

என் மருமகளே, போனில் நீ அனுப்பிய திட்டு முழுதாக வந்து சேர்ந்தது. அதில் இருந்த அன்பையும் தேடிக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டேன்.

ஓட்டம் நின்றுவிட்டது. நடுக்கம் பிடித்துக்கொண்டது. சொன்ன இடத்துக்குப் போகிறது, போய்ச் சேர்ந்தும் சும்மா நிற்பதில்லை. முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல், முன்னே, பின்னே என்று குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறுகிறது. அக்காவைப் படுக்கவைத்துப் பார்த்தோம். பஸ்ல போறாப்ல இருக்கு, எறங்கற எடம் வந்தா சொல்லு என்றாள். ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சொல்ல அரை நிமிஷம் ஆனது. ஆனாலும் அந்தக் குசும்பு பழைய குசும்புதான்.

பதினெட்டு மாடிக்கு ஊர்பேர் தெரியாதவர்களையெல்லாம் ஏற்றிவிடுகிற கம்பெனியில் நீ இருக்கிறாய். நான் ஒரே ஒரு அக்காவை ஒன்றரை அடி தூக்க இந்தப் பாடு படுகிறேன்.

நடுக்கத்துக்கு நான் செய்த வைத்தியங்களைக் கேள். கீலுக்கு எண்ணெய் விட்டேன். போல்ட் எல்லாவற்றையும் இறுக்கினேன். கட்டில் காலுக்கு ரப்பர் வைத்தேன். பாட்டரியை மாற்றினேன். மோட்டாரைக் கழற்றி உள்ளே ஊதித் துடைத்து, பையனைப் பள்ளிக்கூடம் அனுப்புவது போல் தலைவாரி அனுப்பினேன். எதற்கும் மசியவில்லை. உன் அத்தை தோசைக்கரண்டியும் கையுமாக வந்து நின்று பார்த்துவிட்டு, ஏங்க, அந்தப் பொண்ணு எழுதினதைத் தவிர பாக்கி எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டீங்க என்றாள்.

நீ எழுதியிருந்தது எனக்கு நினைவிருந்தது. மோட்டார் வயரையும் திருகு வயரையும் ஒன்றாகக் கட்டாதீங்க மாமா, தனித்தனி வழியில் விடுங்க என்று எழுதியிருந்தாய். ஆனால் கேள். இருபத்தெட்டு வருஷமாக என் கையில் வயர் என்றால் பின்னல்தான். எந்த மோட்டாரைத் திறந்தாலும் உள்ளே ஜடை போட்டது மாதிரி இருக்கும். அதைப் பார்த்தே இது அவர் கை என்று சொல்லுவார்கள், மூன்று மாவட்டத்தில். (சரி, மூன்று தெருவில்.) அக்கா கட்டிலுக்கு மட்டும் வயரைத் தொங்கவிடுவேனா? ஏழு வயரையும் சேர்த்து, தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை, ஒரு பிசிறு இல்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்து பின்னியிருந்தேன். வாழ்நாளில் நான் போட்ட பின்னல்களில் அதுதான் அழகு.

அந்த அழகுதான் வினை. மோட்டார் வயரில் ஓடுகிற கரண்டின் இரைச்சல், ஒட்டிப் படுத்திருக்கிற திருகு வயருக்குள் கசிகிறது. கட்டில் அசையாமல் நிற்கும்போதே, அசைந்துவிட்டேன் என்று போர்டுக்குச் சேதி போகிறது. போர்டு திருத்தப் போகிறது. திருத்த மோட்டார் ஓடினால் இன்னும் இரைச்சல். இன்னும் சேதி. நிற்காத சண்டை.

செவ்வாய்க்கிழமை, பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இடது கையைத் தலையணைக்கு அடியில் விட்டுக் கத்திரிக்கோலை எடுத்து நீட்டினாள். எப்போது அதை அங்கே வாங்கி வைத்தாள் என்று தெரியவில்லை. சின்ன வயதில் எனக்கு முடிவெட்ட உட்காரவைக்கும்போது இப்படித்தான் பார்ப்பாள். வெட்டிவிட்டேன்.

மோட்டார் வயர் இப்போது வலது பக்கச் சட்டத்தோடு போகிறது. கீல் திருகின் வயர் இடது பக்கம். அதுவும் வெறும் வயர் இல்லை, மேலே கவசம் போட்ட மைக் வயர். மோட்டார் முனையில் இரைச்சலைக் குடிக்க நீ சொன்ன சின்னக் கண்டென்சரும் வைத்தாயிற்று. பார்க்க விகாரம். பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் வந்து பார்க்காமல் இருக்க அடியில் ஒரு துணி கட்டியிருக்கிறேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு உன் அம்மா திருகைத் திருப்பினாள். கட்டில் எழுந்தது. நடுக்கமில்லை. பாதியில் நிறுத்தினாள், நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள், இன்னும் கொஞ்சம் எழுந்தது. நாலு மாதமாகக் கூரை விசிறியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஜன்னல் வந்தது. எதிர்வீட்டு மாடியில் ஒருவர் மெத்தையைத் தொங்கப்போட்டு அடித்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க என்ன இருக்கிறது? தூசிதான் பறந்தது. கால் மணி நேரம் பார்த்தாள். அப்புறம் பக்கத்திலிருந்த டம்ளரைத் தானே எடுத்து முழுத் தண்ணீரையும் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, நீ கடைக்குப் போடா என்றாள்.

மத்தியானம் அத்தை வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்! யார் தூக்கிவிட்டது என்று அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாளாம்.

இந்தக் கட்டிலைப் பார்க்க ஊரே திரண்டு வருகிறது. பயிற்சியம்மா இதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். இன்னும் நாலு வீட்டில் கேட்கிறார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். கொஞ்சம் கெத்து வேண்டாமா?

ஒரு வாரம் பிசகாமல் ஓடினால் கையெழுத்துப் போடுகிறேன் மாமா, இல்லாவிட்டால் கிளம்பி வருகிறேன் என்று நீ கடைசியாக எழுதியிருந்ததை அக்காவிடம் வாசிக்கவில்லை. வாசித்தால் கட்டிலை ஏதாவது பரீட்சைக்கு அனுப்பியது போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது நமக்குள் இருக்கட்டும். வரும் திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் எண்ணிக்கொள்.

நல்லதே நடக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமன்.

* * *

கடையிலிருந்து,
செவ்வாய்க்கிழமை மாலை.

கண்ணான மருமகளுக்கு,

ஒரு வாரக் கணக்கைச் சொல்ல உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று மாலையிலிருந்து யோசித்ததில் ஒரு மோட்டாருக்குக் காயிலைத் தலைகீழாகச் சுற்றிவிட்டேன். என் வாழ்க்கையில் அது முதல் தடவை. இரண்டாவது என்று அத்தை சொல்லுவாள். அவள் இங்கே இல்லை.

போன திங்கட்கிழமை மூன்று மணிக்கு என் போன் அடித்தது. அக்காவின் பொத்தான். நாலரை மாதத்தில் முதல் தடவை. போட்டது போட்டபடி ஓடினேன். செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது என்பதை வீட்டு வாசலில்தான் பார்த்தேன். உள்ளே போனால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. கட்டில் ரிப்பேர் என்றாள். இறங்க மாட்டேங்குது என்றாள்.

பார்த்தேன். கீல் திருகின் அச்சைக் கட்டிலோடு கவ்விப் பிடிக்க ஒரு பித்தளை வளையம், அதில் சின்ன ஸ்க்ரூ ஒன்று. அது தளர்ந்திருந்தது. வளையம் தளர்ந்தால் கட்டில் எழும், திருகு கூடவே சுற்றாது. இன்னும் வரலையே, இன்னும் வரலையே என்று போர்டு ஓட்டிக்கொண்டே போகும். மேல் முனைக்குப் போய், நிறுத்து சுவிட்ச் பட்டு நின்றிருக்கிறது. நீ அந்த சுவிட்சுக்காகத் திட்டிய அத்தனை திட்டும் எனக்குத் தகும்.

இறுக்கினேன். வந்தது வந்தோம் என்று தேநீர் போட்டு இரண்டு பேரும் குடித்தோம். அரை மணி பேசிவிட்டுப் போனேன்.

செவ்வாய், மூன்று மணி, போன். அதே ஸ்க்ரூ. ஸ்ப்ரிங் வாஷர் போட்டேன். தேநீர். புதன், மூன்று மணி, போன். வேறு ஸ்க்ரூ போட்டேன். தேநீர். வியாழன் அன்று நான் இரண்டே முக்காலுக்கே செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்க்ரூவின் தலையில் நம் கடைச் சிவப்பு வார்னிஷை ஒரு சொட்டு விட்டேன். காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ், காய்ந்தால் கல். இனி அசைந்தால் என் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று சபதம் போட்டேன். வெள்ளிக்கிழமை வார்னிஷ் வெடித்துக் கிடந்தது. மீசை விஷயத்தை அக்கா நினைவுபடுத்தினாள். சனிக்கிழமையும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் வீட்டில். காலையிலிருந்து மாலை வரை கட்டில் பொன்னாக ஓடியது.

எனக்கு உடனே ஒரு பெரிய விஞ்ஞானம் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைகளெல்லாம் மூடியிருக்கும், கரண்ட் ஏற்ற இறக்கம் இல்லாமல் சுத்தமாக வரும், அதனால்தான் அதிர்வு இல்லை, அதனால்தான் ஸ்க்ரூ கழலவில்லை. அத்தையிடம் விளக்கினேன். கட்டில் பாட்டரியில ஓடுதுங்க, அதுக்கு ஞாயித்துக்கிழமைன்னு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நேற்று மறுபடி மூன்று மணி. போனேன். ஸ்க்ரூவை இறுக்கக் குனிந்தபோது அக்காவின் இடது கை கட்டில் ஓரத்தில் இருந்தது. கட்டை விரல் நகத்துக்குள் சிவப்பாக ஒரு துணுக்கு. பக்கத்து மேஜையில் டம்ளரோடு இருக்கும் ஸ்பூன், அதன் காம்பு நுனி கொஞ்சம் மழுங்கி, அங்கேயும் சிவப்பு. வளையம் இருப்பதும் இடது பக்கம்தான். நான்தான் வயரை அந்தப் பக்கம் கொண்டுபோனேன்.

மருமகளே, நான் வாய் மூடிய சந்தர்ப்பங்கள் என் வாழ்க்கையில் குறைவு. நேற்று மூடினேன். ஸ்க்ரூவை இறுக்கினேன். ஸ்பூனைக் கழுவி, அவள் கை எட்டுகிற இடத்திலேயே வைத்தேன். தேநீர் போட்டேன். இன்றும் அதேதான்.

அவளுக்கு யாரும் தேவைப்படக் கூடாது என்றுதானே இரண்டு பேரும் இத்தனை பாடுபட்டோம், நீ அங்கிருந்து படம் வரைந்து, நான் இங்கிருந்து வயர் வெட்டி? தேவைப்படவில்லை. தானே எழுகிறாள், தானே குடிக்கிறாள், நாற்காலிக்கு மாறுகிறாள். ஒன்பதிலிருந்து ஒன்று, இரண்டிலிருந்து ஆறு, யாரும் வர ஒரு காரணமும் இல்லாத வீட்டை நான் கட்டிக் கொடுத்துவிட்டு, தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறேன். தாகம் என்று அவளால் கூப்பிட முடியாது, மானம் போய்விடும். வாடா, கொஞ்ச நேரம் உட்காரு என்று கேட்கவே முடியாது. கட்டில் கெட்டுப்போனால் கூப்பிடலாம். அதில் அவள் குறை ஒன்றும் இல்லையே, அது நான் செய்த கட்டில்.

அந்த அரை மணியில் என்ன பேசுகிறோம் என்று கேட்பாய். நான் புளுகுவேன், அவள் திருத்துவாள். வேறென்ன? ஒரு வீட்டு அகலத்துக்கு இருந்த ஆலை மோட்டாரை நான் தனியாளாகச் சுற்றிய கதையைச் சொன்னேன். நிறுத்துடா என்று கை காட்டிவிட்டு, ரெண்டு பேரு, உன் முதலாளி சுத்தினாரு, நீ டீ வாங்கப் போனே என்றாள். ஒரே மூச்சில், மருமகளே! நடுவில் எங்கேயும் தங்காமல். பயிற்சியம்மா சனிக்கிழமை வந்து, பேச்சுல நல்ல முன்னேற்றம் தெரியுதே, வாய்க்கு என்ன பயிற்சி பண்றீங்க என்று கேட்டார். என் புளுகு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மூலிகை என்று சொல்லிவைத்தேன்.

உனக்குக் கணக்கு வேண்டும். இதோ: கட்டில் தேறிவிட்டது. இந்த ஒரு வாரத்தில் தானாக ஒரு தடவையும் பிசகவில்லை. மோட்டார் சூடாகவில்லை, நடுக்கமில்லை, சொன்ன இடத்தில் நிற்கிறது. இதில் நான் ஒரு ஜோடனையும் செய்யவில்லை. ஆகவே நீ கையெழுத்துப் போடு. உன் அம்மா நேற்றும் சொன்னாள், எல்லாம் நல்லா இருக்கு, வர வேண்டாம்னு எழுது என்று. எழுதிவிட்டேன். அவள் அதை மனதாரத்தான் சொல்கிறாள். வேலையை விட்டு நீ இங்கே வந்து நின்றால் அந்த முகத்தை அவளால் பார்க்க முடியாது. அது நிஜம். ஸ்பூன் காம்பும் நிஜம். இரண்டில் எது அதிக நிஜம் என்று பார்க்கிற மீட்டர் என் கடையில் இல்லை.

எனக்கு ஒரே ஒரு உபகாரம் செய். மூன்று மணிக்கு உங்களுக்கும் தேநீர் வேளைதானே? வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும் என்று வைத்துக்கொள், நான் கடையில் கொஞ்சம் தாமதம் ஆக்கிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் அவள் தலையணைப் பக்கத்துப் போனுக்கே நீ கூப்பிடு. எப்படிம்மா இருக்கே என்று மட்டும் கேட்காதே. கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். எடுக்காவிட்டால் விடாதே, கட்டில் விஷயமா கேக்கணும், கம்பெனிக்குத் தேவைப்படுதுன்னு அத்தை மூலமாகச் சொல்லி அனுப்பு. எடுத்ததும் கட்டில் எப்படி ஓடுது என்று கேள். எந்தப் பக்கம் தளர்ந்தது, எத்தனை சுற்று, எழும்போது சத்தம் வருதா, ஒவ்வொன்றாகக் கேள். அதைப் பற்றிப் பேச அவளுக்கு வெட்கம் இருக்காது. ஸ்க்ரூ தானாகவே கழண்டுடுச்சு என்பாள். அப்படியாம்மா, மாமா வேலையே அப்படித்தான் என்று சொல்லு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள், அதில் உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம் உண்டு. சில சொல் புரியாது. புரிந்தது போல் போய்விடாதே, திரும்பக் கேள். நான் திரும்பக் கேட்டால் அடிக்கிறாள். நீ தூரத்தில் இருக்கிறாய், தைரியமாகக் கேட்கலாம்.

நீ ஏற்றிவிடுகிற ஜனமெல்லாம் அவரவர் மாடியில் பத்திரமாக இறங்கட்டும். நீ நன்றாக இருப்பாய், அம்மா. வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் கடையை விட்டு நகரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மாமன்.